கிராஃப்ட் பீரைச் சுவைப்பதும் மார்க் போடுவதும்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறவர்கள் அங்குள்ள சிறிய பீர் ஆலைகளின் சரக்கைச் சுவைத்துவிட்டு வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே வைத்து, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம். 21 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், குடியை விட முயல்கிறவர்கள் ஆகியோருக்கு இது எதுவும் பொருந்தாது.

1. கிராஃப்ட் பீர்னா என்னங்க? டாஸ்மாக்ல வாங்குறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பீர் எல்லாவற்றுக்கும் அடிப்படை நான்கே பொருள்கள்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். பெரிய ஆலைகள் இவற்றோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்து, எந்த ஊரில் எந்த மாதம் திறந்தாலும் ஒரே சுவை வரும்படி இலேசான லாகரை (குளிரில் நொதிக்கவைக்கும் வகை) காய்ச்சுகின்றன. சிறிய ஆலைகள் சில நூறு அல்லது சில ஆயிரம் லிட்டர் அளவில் கோதுமை பீர், ஹாப்ஸ் தூக்கலாகக் கசக்கும் ஐ.பி.ஏ., வறுத்த மால்ட்டில் வரும் கருநிற ஸ்டவுட், பெல்ஜிய வகை என்று பலவிதமாகக் காய்ச்சுகின்றன. பெரும்பாலும் சூடாக்கிப் பதப்படுத்தாமல், முழுதாக வடிகட்டாமல் குழாயிலிருந்தே ஊற்றித் தருகிறார்கள்.

சிறிய ஆலையின் பீர் என்பதாலேயே அது உயர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. பெரிய ஆலையில் ஆய்வுக்கூடம் இருக்கும், ஒவ்வொரு தொட்டியும் சோதிக்கப்படும். சிறிய ஆலையில் ஒரு தொட்டி அருமையாகவும் அடுத்தது கோளாறாகவும் வர வாய்ப்பு அதிகம். கவனமாகச் சுவைத்துக் குறித்து வைப்பது இதனால்தான் பயன்படுகிறது.

2. பாண்டியில குடிச்சது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாலு பாட்டில் காரைக்குடிக்குக் கொண்டு வந்துரலாமா அண்ணே?

கூடாது தம்பி. வெளிமாநில, யூனியன் பிரதேச மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாட்டில் ஒன்றா பத்தா என்று பார்த்து மனத்தைச் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். குழாய்ப் பீரைக் குடுவையில் பிடித்து வந்தால் சுவையும் தாங்காது. குமிழும் வாசமும் வழியிலேயே குறையத் தொடங்கும். திறந்த குடுவை ஒருநாளைக்கு மேல் நிற்காது.

பீரை அங்கேயே சுவையுங்கள், கொண்டுவருவது குறிப்பேடாக இருக்கட்டும். மைக்ரோபிரூவரி எனப்படும் இந்தச் சிறிய ஆலைகளில், சிறிய கிளாஸ்களில் நாலைந்து வகையை வரிசையாக வைத்துத் தரும் சாம்ப்ளர் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருக்கும்போது, டாஸ்மாக்கிலோ உரிமம் உள்ள ஓட்டல் பாரிலோ கிடைக்கும் பாட்டில் பீரில் பழகலாம். மூக்கையும் நாக்கையும் பழக்க அதுவே போதும்.

3. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் குடிச்சா ஆகாதா?

குடிப்பதற்கு ஆகும், மார்க் போடுவதற்கு ஆகாது. நிறமும் தெளிவும் நுரையும் தெரியாது. டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருப்பதால் வாசம் நிற்காமல் போய்விடும். நடு உப்பி வாய் கொஞ்சம் குறுகிய ஒயின் கிளாஸ் வீட்டில் இருந்தால் அதுவே சிறந்தது. 200 முதல் 300 மில்லி கொள்ளும் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால், மீதி இடத்தில் வாசம் தங்கும். எல்லா வகைக்கும் ஒரே மாதிரி கிளாஸ் இருப்பது முக்கியம். ஒன்றை டீ கிளாஸிலும் இன்னொன்றை ஒயின் கிளாஸிலும் ஊற்றினால், வித்தியாசம் பீரில் இருக்கிறதா கிளாஸில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

நிறம் பார்க்கக் கிளாஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஆத்தங்குடித் தரையின் சிவப்பும் பச்சையும் கிளாஸில் எதிரொளித்து வெளிர் பீரைக்கூட வேறு நிறமாகக் காட்டிவிடும்.

4. எப்படி ஊத்துனாலும் நுரையே நிக்க மாட்டேங்குது. பீர்ல கோளாறா?

பத்தில் எட்டு முறை கோளாறு கிளாஸில்தான். எண்ணெய்ப் பசையும் சோப்புப் படலமும் நுரையைக் கொல்லும். மீன் குழம்புப் பாத்திரம் தேய்த்த நாரால் கிளாஸைத் தேய்த்தால் அந்த எண்ணெய் கிளாஸில் ஏறிவிடும். பீர் கிளாஸுக்கென்று தனியாக ஒரு ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் சிட்டிகை சலவைச் சோடா போட்டுக் கழுவி, மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசி, காற்றோட்டமான கம்பித் தட்டில் கவிழ்த்து வையுங்கள். துண்டால் துடைத்தால் துண்டின் வாசமும் நூலும் ஒட்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது சம்பை ஊற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

சோதனை எளிது. கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பசை இருக்கிறது. பீர் ஊற்றியபின் கிளாஸின் உட்பக்கச் சுவரில் ஒரே இடத்தில் கொத்துக் கொத்தாகக் குமிழ் ஒட்டியிருந்தாலும் அங்கே அழுக்கு என்று பொருள். பாரில் இப்படித் தெரிந்தால் கிளாஸை மாற்றித் தரச் சொல்லத் தயங்காதீர்கள்.

5. ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்தாத்தானே பீரு நல்லாருக்கும்?

சித்திரை வெயிலில் தாகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசம் மேலே எழாது, குறையும் நிறையும் இரண்டுமே மறைந்துவிடும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, கோதுமை பீருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, ஐ.பி.ஏ.க்கு 7 முதல் 10, ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த பாட்டிலை எடுத்தவுடன் லாகரை ஊற்றலாம். ஸ்டவுட்டை வெளியே வைத்துச் சற்றுப் பொறுத்து ஊற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

இங்கே பெரும்பாலும் எதிர்ச் சிக்கல்தான்: மார்க் எழுதி முடிப்பதற்குள் பீர் சூடாகிவிடுகிறது. அதனால் ஒரேயடியாக எல்லாக் கிளாஸிலும் ஊற்றிப் பரப்பாமல் ஒவ்வொரு வகையாக ஊற்றுங்கள். பாட்டில், ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் இருக்கட்டும். அவசரமாகக் குளிர வைக்க அந்த வாளியில் ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டால் 15, 20 நிமிடம் போதும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பீர் உறைந்து பாட்டில் வெடிக்கும். கிளாஸையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உட்சுவரில் படியும் பனி உருகிப் பீரைத் தண்ணீராக்கும்.

6. ஊத்துறதுக்குன்னு ஒரு முறை இருக்கா?

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பாதிவரை சுவரோரமாக ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழும்பும். வாசம் எழுவது இந்த நுரை உடையும்போதுதான், அதனால் நுரையே வராமல் ஊற்றுவது சாமர்த்தியமல்ல. ஜெர்மன் கோதுமை பீர் பாட்டிலானால், கடைசிக் கால்பங்கை மெதுவாகச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்து ஊற்றுவது வழக்கம். மற்ற வகைகளில் அடி வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

7. குடிக்கிறதுல அப்படி என்ன சுவைக்கிறது? வரிசையா சொல்லுங்க.

முதல் வேலை மூக்குக்கு. ஊற்றியவுடன் கிளாஸை ஒரு சுற்றுச் சுழற்றி, குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகிப்போய் ஒன்றும் தெரியாது. சில வாசங்கள் முதல் அரை நிமிடத்திலேயே பறந்துவிடும், அதனால் நிறத்தைப் பார்த்து எழுதுவதற்கு முன்பே முகர வேண்டும். பிறகு நிறம், தெளிவு, நுரையின் நிறம், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து ஒரு தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் அதிகமாக வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். முதலில் என்ன தெரிகிறது, நடுவில் என்ன, விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று மூன்று கட்டமாகக் கவனியுங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விட்டால், முகர்ந்தபோது பிடிபடாதது பிடிபடும். கடைசியாக வாயில் அதன் கனம்: தண்ணீராக இருக்கிறதா, கொழகொழப்பாக இருக்கிறதா, குமிழ் குத்துகிறதா, பாக்கு மென்றதுபோல் துவர்த்து இழுக்கிறதா, சாராயச் சூடு தொண்டையில் தெரிகிறதா. இரண்டாவது வாய் எடுத்தபிறகே மார்க் எழுதுங்கள். முதல் வாயில் நாக்கு அதற்கு முந்தைய சுவையோடுதான் இருக்கும்.

8. ஒரே நேரத்துல எத்தனை வகை பார்க்கலாம்? துப்பிடணுமா?

ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஒவ்வொன்றும் 60 முதல் 100 மில்லி. அதற்குமேல் நாக்கும் களைக்கும், நிதானமும் குறையும். இலேசானதிலிருந்து கனமானதற்கும், கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்கும், ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கும் போக வேண்டும். லாகர், கோதுமை, பேல் ஏல் (ஏல் என்பது லாகரைவிடக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் வகை, பேல் என்றால் வெளிர்), ஐ.பி.ஏ., ஸ்டவுட் என்பது பொதுவாகச் சரிப்பட்டுவரும் வரிசை. ஐ.பி.ஏ.யை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வரும் லாகர் வெறும் சோடாவாகத் தெரியும்.

ஒயின் சுவைப்பவர்கள் துப்புவார்கள். பீரில் கசப்பின் பின்சுவையும் தொண்டையில் குமிழின் உணர்வும் மதிப்பீட்டில் சேர்த்தி என்பதால் சின்ன வாயாக விழுங்குவது வழக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 சதவீத பீர் 100 மில்லி வீதம் ஆறு கிளாஸ் என்றால் சுமார் 24 கிராம் ஆல்கஹால், ஏறக்குறைய ஒரு பெரிய பாட்டில். வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதுதான் சட்ட வரம்பு. சுவைத்தவர் வண்டி எடுக்கவே கூடாது, சுவைக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

9. மார்க்கு எத்தனைக்குப் போடுறது? பத்துக்கா, நூத்துக்கா?

புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 புள்ளித் தாள் உலகெங்கும் போட்டிகளில் பயன்படுகிறது. வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டுமே என்பதைக் கவனியுங்கள்: அழகான நுரை சுமாரான பீரைத் தூக்கிவிட முடியாதபடி அமைந்த தாள் இது.

கூட்டுத்தொகை 45 அல்லது அதற்கு மேல் வந்தால் உலகத்தரம், 38 முதல் 44 மிகச் சிறப்பு, 30 முதல் 37 நன்று, 21 முதல் 29 குறையுள்ள நல்ல பீர், 14 முதல் 20 சுமார், அதற்குக் கீழே கோளாறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 40-க்கு மேல் அள்ளிப் போடுகிறார்கள். பிறகு உண்மையிலேயே நல்லது வரும்போது கொடுக்க இடமிருப்பதில்லை. நன்றாகக் காய்ச்சிய, குறை சொல்ல முடியாத, ஆனால் மனத்தில் நிற்காத பீருக்கு 32 அல்லது 33 தான் சரியான இடம்.

10. எனக்குக் கசப்பே ஆகாது. நான் ஐ.பி.ஏ.க்கு எப்படிங்க மார்க் போடுறது?

போடலாம், போடவும் வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி "எனக்குப் பிடித்ததா" என்பதல்ல, "இது ஐ.பி.ஏ.யாக இருக்கிறதா" என்பது. பாகற்காய் பிடிக்காத சமையல்காரரும் பாகற்காய் பொரியல் பதமாக வந்ததா என்று சொல்லிவிடுவார். அதே திறமைதான் இங்கேயும் வேண்டும். ஐ.பி.ஏ.யில் கசப்பு தெளிவாக, கூர்மையாக இருக்க வேண்டும், ஆனால் நாக்கைச் சுரண்டும் துவர்ப்பாக நீளக் கூடாது. ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மரப் பிசின் போன்ற ஹாப்ஸ் வாசம் புதிதாக எழ வேண்டும். வாசம் மங்கிக் கசப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது பழசு, மார்க் குறையும்.

பிடித்தது, பிடிக்காதது எழுத அதே தாளின் அடியில் தனியாக ஒரு வரி வையுங்கள். இரண்டையும் கலக்காமல் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

11. ஐ.பி.யூ. 40-னு போட்டிருந்தாங்க, கசக்கவே இல்ல. பொய்யா போடுறாங்க?

பொய்யல்ல. ஐ.பி.யூ. என்பது ஹாப்ஸிலிருந்து பீரில் கலந்திருக்கும் கசப்புப் பொருளின் அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. நாக்கில் தெரியும் கசப்பு, மால்ட்டின் இனிப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் பொறுத்தது. இனிப்புத் தங்கிய ஸ்டவுட்டில் 40 அடங்கிப்போகும், இனிப்பே இல்லாத வெளிர் ஏலில் அதே 40 கடிக்கும். ஜெர்மன் கோதுமை பீருக்கு 8 முதல் 15, அமெரிக்க வகை ஐ.பி.ஏ.க்கு 40 முதல் 70 என்பது வழக்கமான எல்லை. எண்ணை எந்த வகை என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

12. கோதுமை பீர்ல கிராம்பு வாசமும் வாழைப்பழ வாசமும் வருது. மசாலா போடுறாங்களா?

ஜெர்மன் வகையில் எதுவும் போடுவதில்லை, இரண்டையும் ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. காய்ச்சும் முறையையும் நொதிக்கும் சூட்டையும் பொறுத்து வாழைப்பழம் முந்தும் அல்லது கிராம்பு முந்தும். இரண்டும் சமமாக இருப்பது மார்க்குக்குரிய நயம். இந்த வகையில் பீர் கலங்கலாக இருப்பதும் முறையே, அதற்கு மார்க் குறைக்காதீர்கள். அதே கலங்கல் லாகரில் இருந்தால் குறை.

பெல்ஜிய வகையான விட்பியர் வேறு. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டே காய்ச்சுவார்கள். அழிந்துபோயிருந்த இந்த வகையை பியர் செலிஸ் என்பவர் 1966-இல் ஹூகார்டன் ஊரில் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் உட்பட நம் பக்கத்து ஆலைகள் பலவற்றில் இன்று இது கிடைக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் மல்லி வறுபடும் வாசத்தோடு வளர்ந்தவர்களுக்கு விட்பியரில் மல்லியைப் பிடிப்பது சிரமமே இல்லை. ஆனால் பீரில் வருவது வறுக்காத விதையின் எலுமிச்சை சாயல் கலந்த வாசம் என்பதை நினைவில் வையுங்கள்.

13. ஒரு மாதிரி வாசம் வருது. கெட்டுப்போச்சா, இல்ல இந்த பீரே இப்படித்தானா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் கொஞ்சம் நீளும். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசமும் நாக்கில் வழுக்கலும் இருந்தால், ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்துவிட்டார்கள். இந்தப் பொருளை ஈஸ்டே உண்டாக்கி, நேரம் கொடுத்தால் திரும்ப அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வெந்த மக்காச்சோளத் தண்ணீர் வாசம் வந்தால் கொதி போதவில்லை, அல்லது மூடிவைத்துக் கொதித்திருக்கிறது. நறுக்கிய பச்சை ஆப்பிள் வாசம் என்றால் பீர் இன்னும் முதிரவில்லை. டெட்டால் போன்ற மருந்து நெடி, தண்ணீரிலோ கழுவும் மருந்திலோ இருந்த குளோரினால் வருவது. எந்த வகையிலும் இதற்கு மன்னிப்பு இல்லை. புளித்த காடி வாசம் என்றால் கிருமி புகுந்திருக்கிறது. குழாய்ப் பீரில் வெண்ணெயும் காடியும் சேர்ந்து வந்தால், ஆலையைக் குறை சொல்லுமுன் குழாயைச் சந்தேகியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவப்பட வேண்டிய குழாய் அது.

வகை தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இங்கேயும் உண்டு. கோஸ் என்ற ஜெர்மன் வகை புளிப்பாகவும் இலேசாக உப்பாகவும்தான் இருக்கும், உப்பும் மல்லி விதையும் போட்டே காய்ச்சுவார்கள். செக் நாட்டு லாகரில் மிகச் சிறிதளவு வெண்ணெய்ச் சாயலை ஏற்றுக்கொள்கிறார்கள். கிராம்பு வாசம் கோதுமை பீரில் நயம், லாகரில் குறை.

மூக்கைப் பழக்க அஞ்சறைப் பெட்டியே போதும். மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகளில் இவற்றைத் தனித்தனியாக வையுங்கள்: வெந்நீரில் ஊறிய ஒரு கிராம்பு, தட்டிய மல்லி, நன்றாகப் பழுத்த வாழைப்பழத் துண்டு, மக்காச்சோளம் வெந்த தண்ணீர், நனைத்த அட்டைப்பெட்டித் துண்டு, காடி, கருப்பட்டி, காப்பித்தூள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நீட்ட மற்றவர் பெயர் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்ல வந்தபிறகு பீருக்குப் போங்கள்.

14. வளவுல உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல்ல நல்லாருந்துச்சு, கொஞ்ச நேரத்துல ஒரு நாத்தம் வந்துருச்சு. ஏன்?

முற்றத்து வெயில்தான் காரணம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் அது உடைந்து, கந்தகம் கலந்த அழுகல் நெடியுள்ள பொருளாக மாறும். நேர் வெயிலில் கண்ணாடிக் கிளாஸில் இருந்தால் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, நிறமில்லாத பாட்டில் தடுக்கவே தடுக்காது. ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை உள்ளேயும் பத்து நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். அதன்பிறகு இந்த நெடியை மறக்கவே மாட்டீர்கள். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தின் நிழலில் உட்கார்ந்தால் நிறம் பார்க்க வெளிச்சமும் கிடைக்கும், பீரும் தப்பிக்கும்.

சாம்பிராணி, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட், அடுப்படியில் தாளிப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாப்பாட்டு வேலை தொடங்குமுன், காலை 11 மணிவாக்கில் நாக்கும் மூக்கும் கூர்மையாக இருக்கும்.

15. பாட்டில்ல தேதி எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அட்டைப்பெட்டியை நனைச்ச மாதிரி இருக்கே?

தேதியைவிட, பாட்டில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதே முக்கியம். ஆலைக்காரர்கள் கைக்கணக்காக 3-30-300 என்பார்கள்: 32 டிகிரியில் 3 நாளில் ஏறும் பழமை, 22 டிகிரியில் ஏற 30 நாளும், 3 டிகிரியில் ஏற 300 நாளும் ஆகும். நம் பக்கம் கோடையில் கடைக் கிடங்கு எந்தச் சூட்டில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்து, ஹாப்ஸ் வாசத்தை முதலில் தின்று, பிறகு அட்டை வாசத்தையும் தேன் போன்ற மந்த இனிப்பையும் கொண்டுவரும். ஐ.பி.ஏ. இதில் சீக்கிரம் அடிபடும், கருநிற வகைகள் ஓரளவு மறைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட பாட்டிலுக்கு மார்க் போடும்போது பக்கத்தில் "பழசு, சூட்டில் இருந்தது" என்று எழுதுங்கள். ஆலையின் கைத்திறனுக்குப் போட்ட மார்க்காக அதைப் பிறகு யாரும் படித்துவிடக் கூடாது.

16. இடையில வாய் சுத்தம் பண்ண சீப்பு சீடை, தேன்குழல் வச்சுக்கலாமா?

வேண்டாம். இரண்டிலும் எண்ணெயும் உப்பும் இருக்கின்றன. எண்ணெய் உதட்டிலிருந்து கிளாஸுக்குப் போய் 4-ஆம் கேள்வியில் சொன்னபடி நுரையைக் கொல்லும், உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். உப்புப் போடாத பொரியும் சாதாரணத் தண்ணீரும் போதும். இட்லி புளித்த மாவு என்பதால் அதுவும் ஒத்துவராது. வெற்றிலை பாக்கு, காப்பி, சிகரெட் எல்லாவற்றையும் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சுண்ணாம்பும் பாக்கும் விட்ட துவர்ப்போடு ஸ்டவுட்டுக்கு மார்க் போட்டால், அது வெற்றிலைக்குப் போட்ட மார்க்.

17. உப்புக்கறிக்கும் கோழி மிளகு வறுவலுக்கும் எந்த பீரு சேரும்னு ஆச்சி கேக்கச் சொன்னாங்க.

ஆச்சி சமையலின் காரத்துக்கு ஐ.பி.ஏ.யைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மிளகாய்க் காரமும் ஹாப்ஸ் கசப்பும் ஒன்றையொன்று தூண்டும், ஆல்கஹால் கூடக்கூட எரிச்சலும் கூடும். வரமிளகாயைக் கிள்ளிப் போட்ட உப்புக்கறிக்குக் கசப்புக் குறைந்த, ஓரளவு இனிப்புச் சாயலுள்ள ஜெர்மன் கோதுமை பீர் இதமாக இருக்கும். மிளகு வறுவலின் காரம் வேறு மாதிரி, அதற்கு வறுத்த மால்ட் சாயலுள்ள பழுப்பு ஏலோ கருநிற லாகரோ நன்றாக ஈடுகொடுக்கும். சோம்பும் தேங்காயும் தூக்கலான வெள்ளைக் குருமாவுக்கும் நண்டு மசாலாவுக்கும் விட்பியர் பொருந்தும். கவுனி அரிசி, கருப்பட்டிப் பணியாரம் இவற்றோடு ஸ்டவுட் சேரும்போது காப்பிச் சாயலும் கருப்பட்டிச் சாயலும் கைகோர்க்கும். இந்தச் சேர்க்கையை ஒருமுறையாவது சுவைத்துப் பாருங்கள்.

ஆனால் மார்க் போட்டு முடித்தபிறகே இலை போட வேண்டும். சேர்க்கை நன்றாக இருந்தால் அதைத் தனிக் குறிப்பாக எழுதுங்கள், 50 புள்ளியில் கலக்க வேண்டாம்.

18. ஆலை பேரு தெரிஞ்சாலே கை தானா மார்க்கைக் கூட்டிப் போடுது. என்ன செய்ய?

எல்லோருக்கும் நடப்பதுதான். சுவைக்காத ஒருவர் அடுத்த அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். எந்த வகை என்பதை மட்டும் சொல்லலாம், 10-ஆம் கேள்வியில் சொன்ன காரணத்துக்காக அது தெரிந்தே ஆக வேண்டும். பெயரும் விலையும் சொல்லக் கூடாது. வரிசையில் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் இரண்டாம் முறை வைக்கச் சொல்லுங்கள். ஒரே பீருக்கு நீங்களே போட்ட இரண்டு மார்க்குக்கும் 3, 4 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், அன்றைய தாள்கள் பயிற்சியோடு நிற்கட்டும்.

இரண்டு பீர் உண்மையிலேயே வேறுதானா என்று பார்க்க முக்கோணச் சோதனை உண்டு. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு பீர். எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும். அதனால் வரிசையை மாற்றி மாற்றி ஐந்து முறை செய்யுங்கள். நான்கு முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக வந்திருக்க நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

19. ஒரே கிளாஸுக்கு அண்ணன் 41 போடுறாரு, தம்பி 29 போடுறான். சராசரி எடுத்துரலாமா?

உடனே எடுக்காதீர்கள். சராசரியான 35 இருவரும் சொல்லாத ஒன்று. போட்டி நடுவர்களிடையே 7 புள்ளிக்கு மேல் இடைவெளி வந்தால் பேசித்தீர்த்து நெருங்கி வருவது வழக்கம். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. பிறகு எந்தப் பிரிவில் இடைவெளி என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் ஒரு குறையைப் பிடித்திருப்பார், மற்றவருக்கு அது எட்டியிருக்காது. வெண்ணெய் வாசம் சிலருக்கு மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. அதைச் சொல்லி இன்னொரு முறை முகர்ந்தபிறகு இருவரும் திருத்தலாம். வயதில் மூத்தவர் சொன்னார் என்பதற்காகத் தம்பி மாற்றிவிடக் கூடாது, அதனால் இளையவரை முதலில் பேசவிடுங்கள்.

20. 50-க்குப் போட்ட மார்க்கைப் பத்தால வகுத்து, போன் ஆப்ல ஸ்டாரா போட்டுரலாமா?

அன்டாப்ட் போன்ற செயலிகளின் ஐந்து ஸ்டார், பிடித்ததா இல்லையா என்பதற்கானது. 50 புள்ளி, வகைக்குப் பொருந்துகிறதா என்பதற்கானது. இரண்டும் வேறு கேள்விகள், வகுத்தால் சரியாகாது. ஸ்டாருக்கு 10-ஆம் கேள்வியில் சொன்ன அந்த அடிவரியைப் பாருங்கள். ஆப்பில் கனமான ஸ்டவுட்டும் ஐ.பி.ஏ.யும் எப்போதும் மேலே நிற்கும், நல்ல லாகர் கீழே கிடக்கும். குறை மறைக்க இடமில்லாத லாகரைச் சுத்தமாகக் காய்ச்சுவது கடினமான வேலை என்பதால், ஆப் மார்க்கை வைத்து ஆலையின் திறமையை அளக்காதீர்கள்.

21. அரிசி, மாம்பழம், மசாலா போட்ட பீருக்கெல்லாம் எந்த வகையை வச்சு மார்க் போடுறது?

அடிப்படை பீர் எது என்று முதலில் கேளுங்கள். டாய்ட்டின் பாஸ்மதி பிளாண்ட் என்றால் அடிப்படை பிளாண்ட் ஏல். அரிசி பீரின் கனத்தை இலேசாக்கி முடிவை மொறுமொறுவென்று உலர்வாக்கும், பெரிதாகத் தன் வாசத்தைக் காட்டாது. பிறகு இரண்டு கேள்விகள்: சேர்த்த பொருள் தெரிகிறதா, பீர் இன்னும் பீராக இருக்கிறதா. மாம்பழ பீரில் மாம்பழமே தெரியாவிட்டாலும் மார்க் குறையும், மாம்பழச் சாறாகவே இருந்தாலும் குறையும். எசன்ஸ் ஊற்றியிருந்தால் வாசம் ஓங்கி நிற்கும், ஆனால் வாயில் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

கவுனி அரிசியில் வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சத் தமிழ்நாட்டில் அனுமதி இல்லை.

22. போன தடவை 39 போட்ட அதே பீரு இந்தத் தடவை 31 தான் வருது. நாக்கு மாறிப்போச்சா?

நாக்கும் மாறியிருக்கலாம், பீரும் மாறியிருக்கலாம். 1-ஆம் கேள்வியில் சொன்னதுபோல் சிறிய ஆலையில் தொட்டிக்குத் தொட்டி வித்தியாசம் வரும். எது என்று கண்டுபிடிக்கக் குறிப்பு இருக்க வேண்டும். தேதி, நேரம், எந்த இடம், குழாயா பாட்டிலா, பாட்டிலானால் தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும், கிளாஸ் வகை, குளிர்ச்சி, வரிசையில் எத்தனையாவது, அன்று சளி இருந்ததா: இவை ஒரு பக்கம். "நல்லாருக்கு", "சூப்பர்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் புரியாது. "பழுத்த வாழைப்பழம் தூக்கல், கிராம்பு மங்கல், முடிவில் இலேசான துவர்ப்பு" என்று எழுதினால் புரியும்.

அடுத்தமுறை போகும்போது அந்தத் தாளை எடுத்துப்போய், காய்ச்சுபவர் அங்கே இருந்தால் தொட்டி எப்போது திறந்தது, ஹாப்ஸோ ஈஸ்டோ மாற்றினார்களா என்று கேளுங்கள். மார்க்கை மட்டும் சொன்னால் வருத்தப்படுவார்கள், என்ன வாசம் எந்த இடத்தில் வந்தது என்று சொன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு ஆலையைப் பற்றி முடிவு சொல்வதற்கு முன் வேறு வேறு மாதங்களில் மூன்று தொட்டிகளையாவது சுவைத்திருக்க வேண்டும்.